மேட்டுப்பாளையத்து மாப்பிள்ளையின் மூன்றாம் ஓலை

வின்சன்ற் பாணைத் தட்டிப் பார்ப்பான். அவனைப்பற்றி நான் முதலில் கண்டது அதுதான்.

கொட்டாஞ்சேனையில் பௌஸி நானாவின் பேக்கரிக்குப் பின்னேரம் நாலு மணிக்குப் போனால் போறணை அடுப்பிலிருந்து சூட்டோடு பாண் இறங்கும். மற்ற வேலையாட்கள் மேல்தோலைப் பார்ப்பார்கள், சிவந்துவிட்டதென்றால் இழுத்தெடுப்பார்கள். இவன் மட்டும் ஒரு பாணை எடுத்துக் கவிழ்த்து, அடியில் நடுவிரலால் இரண்டு தட்டுத் தட்டி, காதுக்குக் கிட்டப் பிடிப்பான். கேட்டது பிடித்தால் பலகையில் வைப்பான். பிடிக்காவிட்டால் திரும்ப உள்ளே தள்ளுவான். கண் இருக்கிற மனிசன் காதால் பாண் சுடுவானேன்? அன்றைக்கே எனக்கு அவனில் ஒரு சந்தேகம்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மேலே கூண்டுக்குள் இருந்து பார்த்தால் கீழே எந்த மூட்டையை எவன் எந்தப் பக்கம் நகர்த்துகிறான் என்று தெரியும். கீழே நிற்கிறவன் மேலே பார்க்க மாட்டான். அப்படிப் பார்த்துப் பழகினவனுக்கு ஆட்களைச் சும்மா நம்ப வராது. என்னைக் கறுத்த மனிசன் என்று ஊரில் சொல்வார்கள், தோலைச் சொல்வதில்லை. சொல்லட்டும்.

இது அறுபத்திரண்டாம் ஆண்டு நடந்தது. என் தங்கச்சி பிறிஜெற்றுக்கு அப்போது முப்பத்தொரு வயது. அம்மா படுக்கையில் கிடந்த ஒன்பது வருஷமும் அவள்தான் பார்த்தாள். அம்மாவை அடக்கம் செய்து முடிந்தபோது பெண் கேட்டு வருகிறவர்களும் முடிந்துவிட்டார்கள். வீட்டில் மெஷின் போட்டு உடுப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். அப்படியிருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வர, பௌஸி நானா வின்சன்றைக் கூட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். இவன் வெள்ளைச் சேட்டும் எண்ணெய் வைத்த தலையுமாக.

"பொடியனப் பத்தி நான் சொல்றன் ஹியூபேட்," என்றார் நானா, கதிரையில் இருந்த கையோடு. "அஞ்சு வருஷமா ஏன்ட பேக்கரில ஈக்கிறான். ஒரு நாள் குடிச்சிட்டு வந்ததில்ல."

"குடிக்காதவனிலதான் நானா எனக்குப் பயம். அவன் வேற என்னவோ செய்யிறான்."

"அப்ப நீங்க குடிக்கிறது எங்களுக்குப் பயம் வராம இருக்கவோ?" என்று திரைச்சீலைக்குப் பின்னால் பிறிஜெற்றின் குரல் வந்தது. என் மனிசி ஐறீன் தேத்தண்ணி கொண்டுவந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிப் போய்விட்டாள். எனக்கு அப்போதே விளங்கியது. இவர்கள் இரண்டு பேரும் பாண் கடையில் கதைத்து முடித்து நாளாயிற்று. நான்தான் கடைசியாகக் கேள்விப்படுகிறவன்.

எந்த ஊர் என்று கேட்டேன். மேட்டுப்பாளையம் என்றான். இந்தியாவில் நீலகிரி மலைக்கு அடிவாரத்தில் இருக்கிற சின்ன ஊராம். மலையிலிருந்து வருகிற உருளைக்கிழங்கும் ஊரில் விளைகிற பாக்கும்தான் வியாபாரம். ஆனால் அவன் கிழங்கையும் பாக்கையும் பற்றி இரண்டு சொல்தான் சொன்னான். மிச்சமெல்லாம் ஸ்ரேசன். மதராசிலிருந்து வருகிற பெரிய ரயிலுக்கு அதுதான் கடைசி இடமாம். ஊட்டிக்கும் குன்னூருக்கும் போகிற சனமெல்லாம் விடியக்காலமை அங்கே இறங்கி, பக்கத்தில் நிற்கிற சின்ன மலை ரயிலுக்கு மாற வேணும். அந்த மாறுகிற நேரம்தான் ஊருக்கே பிழைப்பு.

"பெரிய வண்டி நிக்கறதுக்குள்ளயே நாங்க ஓடி ஏறிருவமுங்க," என்றான். அவனுக்கு ஊர்ப் பேச்சு வந்தால் முகமே மாறிவிடும். "ஆளப் பாத்தாலே தெரியுமுங்க, எவரு மலைக்குப் போறவரு, எவரு கிழங்கு வாங்க வந்தவருன்னு. மலைக்குப் போறவருன்னா பொட்டியத் தூக்கறதுக்கு முன்னால அவரு தோள்ல இருக்கற துண்டத்தான் உருவோணும். கொண்டுபோயி சின்ன வண்டியில சன்னலோரமாப் போட்டர்றது. துண்டு கெடந்தா எடம் அவருக்கு. அப்பறமாப் பொட்டி."

"முன்பின் தெரியாதவன்ர துவாயை உருவிக்கொண்டு ஓடுறதோ? இஞ்ச அதுக்குக் களவு எண்டு பேர்."

"அங்க அதுக்குப் போர்ட்டர்னு பேருங்க."

பௌஸி நானா தொடையில் தட்டிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு அந்த மலை ரயில் எப்படி ஏறும் என்று சொன்னான். நடுவில் பல்லு வைத்த ஒரு தண்டவாளமாம், எஞ்சினின் பல்லுச் சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறுமாம். அதோடு விட்டிருந்தால் கேட்டிருப்பேன்.

"கல்லாறு தாண்டினா எஞ்சின் பின்னால இருந்துதானுங்க தள்ளும்."

பிடித்துக்கொண்டேன். "கண்டிப் பாதையில கடுகண்ணாவை ஏத்தத்தில பின்னால ஒரு எஞ்சின் தள்ளுறது எனக்கும் தெரியும் தம்பி. முன்னால ஒண்டு நிண்டு இழுக்கும். உங்கட ஊரில முன்னால ஆர் நிக்கிறது?"

"எங்கப்பா நிப்பாருங்க."

"கொப்பரோ?"

"கொடியோட. ஒவ்வொரு பொட்டிக்கும் முன்னால ஒருத்தரு நிப்பாருங்க, பச்சையும் செவப்பும் வெச்சுக்கிட்டு. பாதையில கல்லு உருண்டிருந்தா, ஆனை நின்னா, செவப்ப ஆட்டோணும். அதப் பாத்து ஒவ்வொருத்தரா பின்னால காட்டுவாங்க. அப்பறந்தான் எஞ்சினுக்குத் தெரியும். எங்கப்பா முப்பது வருசம் கொடி புடிச்சாருங்க."

"அப்ப ரயில்வே ஆளின்ர மகன். நீ ஏன் ரயில்வேயில சேரேல்லை?"

அதுவரைக்கும் கொட்டிக்கொண்டிருந்தவன் டக்கென்று நின்றுபோனான். கோப்பையைத் தட்டில் வைத்துத் திருப்பினான், இன்னொருதரம் திருப்பினான்.

"கெடைக்கலீங்க."

அவ்வளவுதான்.  துறைமுகத்தில் தகப்பன் வேலைசெய்தால் மகனுக்கு எப்படியோ ஒரு வழி கிடைக்கும். ரயில்வேயில் மட்டும் வேறுமாதிரியா இருக்கும்? இவன் அங்கே ஏதோ செய்திருக்கிறான் என்று நினைத்தேன். பெட்டியோடு ஓடியிருப்பான், அல்லது பொம்பிளை விசயம். யோசிக்க யோசிக்க எனக்கு இரண்டாவதுதான் உறுதியாகப் பட்டது. முப்பத்துநாலு வயது ஆம்பிளை ஊரைவிட்டுக் கடல்கடந்து வந்து நானா சொல்கிறபடி ஊருக்குக் கடிதமும் போடாமல் இருக்கிறான் என்றால், அங்கே ஒருத்தி இருக்கிறாள்.

அவன் எப்படிக் கடல்கடந்தான் என்பதை நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. அந்தக் காலத்தில் பேக்கரிகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் நின்ற பாதிப்பேர் கடவுச்சீட்டு இல்லாமல் கள்ளத்தோணியில் வந்தவர்கள். எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பங்குச் சுவாமியிடம் போனோம். எங்கள் வழக்கப்படி கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேணும். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் கலியாணம், இதுக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சபைக்கு அறிவிப்பது. வின்சன்ற் எட்டாக மடித்துவைத்திருந்த ஞானஸ்நானப் பத்திரத்தைக் கொடுத்தான். சுவாமி பார்த்துவிட்டு, "மேட்டுப்பாளையம் பங்குக்குக் கடிதம் போடுறன். இவர் தனி ஆள்தான் எண்டு பதில் வரட்டும். அதுக்கிடையில ஓலையைத் தொடங்குவம். இவர் இஞ்ச அஞ்சு வருஷம் இருந்தபடியால் இந்தப் பங்கைச் சேர்ந்தவர் எண்டு வாசிச்சாப் போதும்," என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. "ஏன் சுவாமி, ஊரைச் சொல்லாமல் வாசிச்சா அந்த ஊரைத் தெரிஞ்சவன் எப்பிடி வந்து சொல்லுறது? தகப்பன் பேர், ஊர்ப் பேர், எல்லாம் வாசிக்க வேணும்."

"ஹியூபேட், அது வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

சுவாமி வின்சன்றைப் பார்த்தார். வின்சன்ற் நிலத்தைப் பார்த்தான். பிறிஜெற் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லத் தேவையில்லை. அந்த மூன்று பேரின் பார்வையும் எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது. சுவாமியும் சேர்ந்து மூடுகிறார் என்று நினைத்தேன்.

"ஊரைச் சொல்லி வாசிக்காட்டில் நான் இதுக்குச் சம்மதமில்லை," என்றேன்.

"வாசிங்க சாமி," என்றான் வின்சன்ற். "ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க."

முதல் ஞாயிறு வாசித்தார். "இந்தியா தேசத்தில் மேட்டுப்பாளையம் பங்கைச் சேர்ந்த சூசைமாணிக்கத்தின் மகன் வின்சன்றுக்கும்..." நான் பின்வாங்கில் இருந்து ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். எவனாவது திரும்புகிறானா, எவளாவது பக்கத்தில் இருப்பவளின் காதுக்குள் சொல்கிறாளா என்று. பக்கத்து வீட்டுப் பேர்ணடெற் மாமி விசிறிக்கொண்டிருந்தா. வேறொன்றும் இல்லை. இரண்டாம் ஞாயிறும் அப்படியே.

இடையில் நான் சும்மா இருக்கவில்லை. துறைமுகத்தில் கணக்கெடுக்கிற ஸ்ரனிஸ்லாஸிடம் விசயத்தைச் சொன்னேன். அவன் ஒரு இந்தியக் கப்பலில் சமைக்கிற குசினிக்காரனைத் தேடிப்பிடித்தான், குன்னூர்க்காரன். அவன் எஞ்சின் பின்னால்தான் தள்ளும் என்று அடித்துச் சொன்னானாம், கொடிக்காரர் முன்னால் நிற்பதும் உண்மையாம்.

"குசினிக்காரனும் அந்தப் பக்கத்தான்," என்றேன். "ஆளை ஆள் விட்டுக்குடுக்க மாட்டாங்கள்."

"உமக்கு எஞ்சினையே கப்பலில ஏத்திக்கொண்டு வந்து காட்டினாலும், அதின்ர பிறப்புப் பத்திரத்தைக் காட்டு எண்டு கேப்பீர்," என்றான் ஸ்ரனிஸ்லாஸ். பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். அந்த ஏழெட்டுப் பேரின் முகமும் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. ஏனென்றால் பிறகு ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் ஞாயிறுக்கு முன், புதன்கிழமை பின்னேரம், வேலை முடிந்து பாண் வாங்க நிற்கிறேன். ஜீப் ஒன்று வந்து நின்றது. சாதாரண உடுப்பில் இரண்டு பேர் இறங்கி, நேரே கடைக்குப் பின்னால் போறணைப் பக்கம் போனார்கள். குடிவரவுப் பொலிஸ்.

"மாத்தயா, மே அபே மினிஹா," என்று பௌஸி நானா பின்னால் ஓடினார். எங்கட ஆள் ஐயா, எங்கட ஆள் என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருத்தன் கையில் கடுதாசி ஒன்று இருந்தது. அதில் பேரும் தகப்பன் பேரும் ஊர்ப் பேரும் அப்படியே இருந்தன. அவன் வாசித்த ஒழுங்கு கோயிலில் வாசித்த ஒழுங்கு.

வின்சன்ற் ஓடவில்லை. பின்கதவு திறந்துதான் கிடந்தது.

"ஒரு நிமிசமுங்க, உள்ள பாண் இருக்குது," என்றான். அவர்களுக்குத் தமிழ் விளங்கியதோ என்னவோ, நின்றார்கள். அவன் நீளப் பலகையை விட்டு இழுத்து, ஒரு பாணைக் கவிழ்த்துத் தட்டிக் கேட்டான். சரி என்று கண்டு எல்லாவற்றையும் இறக்கினான். கையைக் கழுவினான். வெளியே வரும்போது வரிசையில் நின்ற என்னை ஒருதரம் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் கோபப்பட்டிருக்கலாம்.

நான் கோயிலில் ஒரு பெண்சாதியைத் தேடினேன். ஊரை வாசித்தால் பெண்சாதி வெளியே வருவாள் என்றுதான் பார்த்தேனேயொழிய, கடவுச்சீட்டு இல்லாதவனின் ஊரைச் சபை நடுவில் கூப்பிட்டால் என்ன வரும் என்று யோசிக்கவில்லை. சுவாமிக்கு அது விளங்கியிருந்தது. வெளியே சொல்ல அவராலும் ஏலாது.

வீட்டுக்கு வந்தேன். பிறிஜெற்றுக்குச் செய்தி எனக்கு முன் வந்துவிட்டது. மெஷினில் வெள்ளைச் சீலை கிடந்தது.

"சந்தோஷம்தானே அண்ணா?"

"எனக்கென்ன சந்தோஷம்?"

"பொலிசுக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டது நீங்கள்தானே?"

"சத்தியமா நானில்லை."

"ஊர்ப் பேரை வாசிக்க வேணும் எண்டு நிண்டது ஆர்? தகப்பன் பேரை வாசிக்க வேணும் எண்டது ஆர்? கோயில் முழுக்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தது ஆர்?"

"ஐறீன், நீ சொல்லு இவளுக்கு."

ஐறீன் அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "நான் என்னத்தைச் சொல்ல? உங்களைப் பாத்தா எனக்கே விளங்குதில்லை," என்றாள். பதினான்கு வருஷம் குடும்பம் நடத்தினவள்.

அன்றிலிருந்து ஊர் முழுக்க நான்தான் பெட்டிசக்காரன். பௌஸி நானா மற்ற வாடிக்கைக்காரரோடு கதைத்துக்கொண்டிருப்பார், நான் போனால் பாணைச் சுற்றித் தந்துவிட்டு வாயை மூடுவார். நான் ஸ்ரனிஸ்லாஸைச் சந்தேகப்பட்டேன். தேத்தண்ணிக் கடையில் சிரித்த ஏழெட்டுப் பேரையும், பேக்கரியில் வின்சன்றின் இடத்துக்குக் காத்திருந்தவனையும், விசிறிக்கொண்டிருந்த பேர்ணடெற் மாமியையும் சந்தேகப்பட்டேன். எழுதினது யார் என்று இன்றுவரை ஒருத்தருக்கும் தெரியாது.

கொம்பனித்தெருவில் தடுப்பு முகாம் இருந்தது. ஐறீன் கட்டித் தந்த சாப்பாட்டுப் பையைக் கொண்டு ஒரு சனிக்கிழமை நான் தனியப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வின்சன்ற் வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது.

"பெட்டிசம் நான் போடேல்லை," என்றேன் எடுத்த எடுப்பில்.

"தெரியுமுங்க. நீங்க போட்டிருந்தா பேர் எழுதிக் கையெழுத்தும் வெச்சிருப்பீங்க. இது மொட்டைக் கடுதாசிங்க."

 கேட்க வந்ததைக் கேட்டேன். "உண்மையைச் சொல்லு. ஊரில ஆர் இருக்கிறா?"

"எங்கப்பா இருக்கறாருங்க. அவருக்குத்தான் பயந்து வந்தனுங்க."

பிறகு சொன்னான். ரயில்வேயில் சேரப் போனபோது கண் பார்த்தார்களாம். மேசையில் கம்பளி நூல் முடிச்சுக்களைப் பரப்பிவைத்து, பச்சையெல்லாம் ஒரு பக்கம் எடுத்து வை என்றார்களாம். இவன் எடுத்து வைத்தான். வைத்ததில் பாதி சிவப்பு. மூன்றுதரம் கொடுத்தார்கள், மூன்றுதரமும் அப்படித்தான்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க. அதுவரைக்கும் எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து சொன்னா எங்கப்பா நம்பலீங்க. நான் வேணும்னு பண்றேன்னு நெனச்சாரு. தெனமும் வேலைல இருந்து வந்து ரெண்டு கொடியையும் மறைச்சுவெச்சு ஒண்ண எடுத்து நீட்டுவாரு. 'இது என்ன? சொல்லுடா'ம்பாரு. நான் சொன்னது தப்பாப் போச்சுன்னா சோறு எறங்காது அவருக்கு. ஒரு வருசம் இப்படிங்க. ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு. கொடிக்காரன் மகனுக்குக் கொடி தெரியலன்னு பசங்க ஸ்டேசன்ல கத்துவானுங்க."

அந்தப் பாணும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. சிவந்ததா இல்லையா என்று அவனுக்குத் தெரியாது. வெந்த பாணுக்கு உள்ளே வெற்றுச் சத்தம் கேட்குமாம், அதைக் கேட்டுத்தான் இறக்குவானாம்.

"இதை எனக்கு அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"கண்ணுல பழுதுன்னா பொண்ணு குடுப்பீங்களா?"

கொடுத்திருக்க மாட்டேன். அதைச் சொல்லவில்லை. அப்போதும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. ஐறீனின் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக் காட்டி, "இது என்ன நிறம்?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் வலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். காவலுக்கு நின்றவன் திரும்பிப் பார்த்தான்.

"நீங்களுமா? நீங்க சொல்ற நெறமுங்க."

அடுத்த மாதம் தலைமன்னாருக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றினார்கள். பத்து நாள் கழித்து மேட்டுப்பாளையத்திலிருந்து சுவாமிக்குப் பதில் வந்தது. வின்சன்ற் தனி ஆள், கலியாணம் முடிக்கவில்லை, நல்ல குடும்பம், ரயில்வேயில் கண் பரிசோதனையில் தவறியபின் ஊரை விட்டுப் போனவர் என்று பங்குக் குருவானவர் எழுதியிருந்தார். அதற்குப் பின்னால் வின்சன்றின் கடிதமும் வந்தது, பிறிஜெற்றுக்கு. என்ன எழுதினான் என்று அவள் காட்டவில்லை. கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க வேணும் என்று மட்டும் ஐறீனிடம் சொன்னாள்.

அவள் அங்கே போய்க் கலியாணம் முடிக்க இங்கேயிருந்து ஒரு பத்திரம் வேணும். இந்தப் பெண் தனி ஆள், தடை ஒன்றுமில்லை என்று. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு மூத்த ஆண்பிள்ளை வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேணும். அது நான். நான் மாட்டேன் என்றால் அவள் போக முடியாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கையெழுத்துப் போட்டாலும் பெட்டிசக்காரன், போடாவிட்டாலும் பெட்டிசக்காரன்.

சுவாமியின் அறையில் மூன்று பேரும் நின்றோம்.

"ஹியூபேட், உமக்குத் தெரிஞ்ச தடை ஏதும் உண்டோ?"

சந்தேகம் எத்தனையோ இருந்தது. அவன் ஸ்ரேசனுக்கு வருவானோ மாட்டானோ. அந்தத் தகப்பன் இவளை வீட்டுக்குள் எடுப்பானோ. அங்கே கொடுமைப்படுத்தினால் இவள் யாரிடம் போவாள். மானாமதுரை, திருச்சி, ஈரோடு, கோயம்புத்தூர் என்று ரயில் மாறி மாறித் தனியப் போகப்போகிறவள், கண்டிக்குக்கூடத் தனியப் போனதில்லை. ஆனால் சுவாமி கேட்டது தடை. என்னிடம் இருந்தவற்றில் ஒன்றையும் தடை என்று சொல்லிச் சத்தியம் செய்ய முடியவில்லை.

"இல்லைச் சுவாமி."

"வடிவா எழுதுங்க," என்றாள் பிறிஜெற். "அங்க ஆக்கள் வாசிக்க வேணும்." ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவள் என்னோடு கதைத்த முதல் கதை அது. நான் எழுத்து எழுத்தாக என் முழுப்பேரையும் எழுதினேன். சம்பளப் புத்தகத்தில்கூட அப்படி எழுதினதில்லை.

கோட்டை ஸ்ரேசனுக்கு ஐறீனும் நானும் போனோம். பௌஸி நானா ஒரு பெட்டி நிறையப் பிஸ்கட் கொண்டுவந்து கொடுத்தார், எனக்குத் தலையசைத்தார். ரயில் வெளிக்கிட மணி அடித்தபோது பிறிஜெற் யன்னலுக்கு வந்தாள்.

"அண்ணா, இனி நான் ஒண்டும் செய்யப் போறதில்லை. போறன்தானே. உண்மையைச் சொல்லுங்க. நீங்கள்தானே?"

"இல்லைப் பிள்ளை."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மேலே கூண்டிலிருந்து நான் ஆட்களைப் பார்க்கிற மாதிரி. ரயில் அசைந்து, மேடை முடியும் வரைக்கும் பார்த்தாள்.

அதுக்குப் பிறகு பதின்மூன்று வருஷம். ஒவ்வொரு டிசம்பரும் நத்தார்ப் பண்டிகைக்குக் கடிதம் வரும். ஸ்ரேசனுக்குக் கிட்ட வின்சன்ற் பேக்கரி வைத்திருக்கிறான், பிள்ளைகள் மூன்று, மாமனார் காலமாகிவிட்டார் என்றெல்லாம் எழுதுவாள். குறை ஒன்றும் எழுத மாட்டாள், அதுவே எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் கேள்வியை அவள் பிறகு ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. நான் சொன்னதை நம்பிவிட்டாளோ, கேட்டுப் பிரயோசனமில்லை என்று விட்டாளோ தெரியாது. நேரில் கேட்க எனக்குக் கடவுச்சீட்டு இல்லை. எடுக்க வேணும் என்று ஐறீன் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.